புதிய நூலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி: மலையகத்திலிருந்து எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு நூல் வெளியீட்டு விழாவில் போய் உட்கார்ந்தால் வாழ்த்துரை, அறிமுகவுரை, நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று வரிசையாகக் கேட்கலாம். எல்லா உரையிலும் நூல் அபாரமாக இருக்கும். ஏற்புரையில் மட்டும் ஆசிரியர் கொஞ்சம் அடக்கிப் பேசுவார். மேடைக்கு அது பொருத்தம்தான். வந்திருப்பவர்கள் ஆசிரியரைச் சந்தோஷப்படுத்த வந்தவர்கள். சிக்கல், அதே நயவுரையைத் தட்டச்சு செய்து ஞாயிறு பத்திரிகைக்கு மதிப்புரை என்று அனுப்பும்போது தொடங்குகிறது.

பத்திரிகையை விரிப்பவர் மஸ்கெலியாவிலோ லுணுகலையிலோ இருக்கிறார். நூல் கொழும்பில் ஏதோ ஒரு கடைத் தட்டில் இருக்கிறது. புரட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. நடுத்தரமான ஒரு நாவலின் விலையும் பெரும்பாலும் அதையொட்டித்தான் நிற்கிறது. ஒரு பேர் (ஒரு முழு நாள் வேலை) விழுந்த காசை இந்த நூலுக்குக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. மதிப்புரை அவருக்காக எழுதப்படுவது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

முதலில் பதிப்பு விபரப் பக்கம்

நூல் கைக்கு வந்ததும் அட்டையைப் பார்த்து மயங்காமல், உள்ளே இரண்டாம் பக்கத்தைத் திறக்க வேண்டும். நூலின் பெயர், வகை, ஆசிரியர், பதிப்பாளர், வெளிவந்த இடம், பதிப்பு, மாதம், ஆண்டு, பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என். இலக்கம் ஆகியவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால், நூலை யாரோ இரவல் வாங்கிப் போன பிறகுதான் விலை நினைவுக்கு வரும்.

13 இலக்கங்கள் கொண்ட அந்த ஐ.எஸ்.பி.என்.னில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு. 978-81, 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. இந்தியப் பதிப்பாக இருந்தால் அட்டையிலுள்ள விலை இந்திய ரூபாயில் இருக்கும். இங்கே கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்டு அதையே போட வேண்டும்.

‘புதிய நூல்’ என்றால் வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மலைக்கு நூல் வந்து சேர எடுக்கும் காலத்தையும் கணக்கில் எடுத்தால் இதற்குக் குறைத்துப் பிடிப்பது நியாயமில்லை. ஆனால் மீள்பதிப்பைப் புதிய நூலாக நினைத்துவிடக் கூடாது. இந்த ஆண்டு அச்சான தொகுதிக்குள் முப்பது வருடத்துக்கு முந்திய கதைகள் இருக்கலாம்; ஒவ்வொரு கதையும் முதலில் எந்தச் சஞ்சிகையில், எந்த ஆண்டில் வந்தது என்ற குறிப்பு நூலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பதிப்பாளரின் குறை. மதிப்புரையில் சொல்ல வேண்டிய குறை. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவையொட்டி 2023இல் நூல்கள் பல வந்தபோது, பழைய கட்டுரைகள் திகதி போடாமலே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் உண்டு.

ஆசிரியரின் முந்திய நூல்களைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் கைவசம் இருக்கின்றன. என். செல்வராஜாவின் ‘நூல் தேட்டம்’ தொகுதிகள் ஈழத்துத் தமிழ் நூல்களின் விபரங்களைத் தருகின்றன. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பழைய நூல்களும் ‘மல்லிகை’ போன்ற சஞ்சிகைகளும் முழுப்பக்கமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. முந்திய தொகுதியில் இரண்டு கதையாவது வாசித்துவிட்டு வந்தால், இந்த நூலில் ஆசிரியர் முன்னேறியிருக்கிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்று சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியம் பட்டியல் வாழ்க்கைக் குறிப்பைவிடப் பெறுமதியானது.

நீங்கள் எழுதலாமா?

அணிந்துரை எழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர், வெளியீட்டுக் குழுவில் இருந்தவர் அந்த நூலுக்கு மதிப்புரை எழுதக் கூடாது. சொந்தக்காரர், ஒரே தொழிற்சங்கத்தில் பதவியில் இருப்பவர் என்றாலும் ஒதுங்குவது நல்லது. மலையகம் சின்ன இடம். பழக்கமில்லாத ஆளைத் தேடினால் எழுத ஆளே கிடைக்காது. ஆகவே வெறும் பழக்கம் தடையில்லை. ஆனால் மாணவர், ஆசிரியர், ஒன்றாகச் சஞ்சிகை நடத்தியவர் போன்ற நெருக்கமான உறவென்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள். “சேர், நல்லா நாலு வார்த்தை போட்டுருங்க” என்று நூலோடு ஒரு தொலைபேசி அழைப்பும் வரும். “வாசிச்சிட்டுச் சொல்றேன் தம்பி” என்பதற்கு மேல் எந்த வாக்குறுதியும் கொடுக்க வேண்டாம்.

இரண்டு முறை வாசிப்பு

முதல் வாசிப்பில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை எல்லாவற்றையும் தாண்டி நேரே நூலுக்குள் போங்கள். முன்னால் நிற்கும் பெரியவர்களின் சொற்கள் நம்மை அறியாமலே பேனைக்குள் இறங்கிவிடும். ‘மண் வாசனை கமழும்’ என்று அணிந்துரையில் இருந்தால் அது நம் மதிப்புரையிலும் வந்து நிற்கும். அவற்றைக் கடைசியில் வாசித்து, எத்தனை பக்கம் என்று மட்டும் எண்ணுங்கள். 120 பக்க நூலில் 25 பக்கம் வாழ்த்தாக இருந்தால், வாசகர் காசு கொடுத்து வாங்குவது 95 பக்கம்தான்.

இந்த வாசிப்பில் குறிப்பு எடுக்க வேண்டாம். பென்சிலால் ஓரத்தில் சின்னக் கோடு போதும். எங்கே அலுத்துப்போய் நூலை மூடினீர்கள், எங்கே பேருந்து நிறுத்தத்தைத் தவற விடப் பார்த்தீர்கள் என்ற இரண்டும் முக்கியம். பேனை வேண்டாம், தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் ஹட்டன் பக்கத்து ஈரத்துக்கு மை தாளில் ஊறிப் பின்பக்கத்திலும் தெரியும். ஒட்டுத்தாளும் ஈரத்தில் அச்சைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒரு வாரம் விட்டு, இரண்டாவது வாசிப்பு. இப்போது கொப்பியில் பக்க எண்ணோடு குறிப்பு. மூன்று அடையாளங்கள் போதும்: நல்ல இடத்துக்கு ‘ந’, புரியாத அல்லது ஒப்பாத இடத்துக்கு ‘கே’, சரிபார்க்க வேண்டியதற்கு ‘ச’. ஒரு நாவலுக்கான குறிப்பு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

ப. 23 – ச – கதை நடப்பது 1980. கிழவர் “கம்பனிக்காரன் சம்பளத்தை வெட்டிட்டான்” என்கிறார். அப்போது தோட்டம் யார் கையில்?
ப. 41 – ந – நிறுவையில் நிற்கும் பெண் தராசைப் பார்க்காமல் கணக்கப்பிள்ளையின் பென்சிலையே பார்க்கிறாள்.
ப. 67 – கே – மகன் ஏன் திடீரென்று கொழும்புக்குப் போனான்? முன்னால் எங்கும் இல்லை.
ப. 88 – ச – 1960இல் கொழுந்தைக் கிலோவில் நிறுக்கிறார்கள்?

200 பக்கத்துக்கு 15 முதல் 25 குறிப்புகள் போதும். அறுபது வந்துவிட்டால் நீங்கள் நூலைச் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று மட்டும் வந்தால் தூங்கிக்கொண்டு வாசித்திருக்கிறீர்கள்.

மேலே உள்ள ‘ச’ இரண்டையும் பார்ப்போம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகின. பிறகு 1992இல்தான் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. இடைப்பட்ட 1980இல் தோட்டத்தை நடத்தியது ஜனவசம (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை) அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம். கிழவர் பழக்கதோஷத்தில் ‘கம்பனி’ என்று சொல்கிறார் என்று நாவலாசிரியர் எங்காவது காட்டியிருந்தால் அது அழகு, காட்டவில்லையென்றால் பிழை. 1960இல் நிறுவை றாத்தலில். இதில் வாதத்துக்கே இடமில்லை.

சிறுகதை, நாவல், கவிதை

மலையக இலக்கியத்துக்கு வரும் மதிப்புரைகளில் பெரிய நோய் ஒன்று இருக்கிறது. நூலில் துயரம் இருக்கிறது என்பதையே நூலின் தகுதியாகச் சொல்லிவிடுவது. லயம் (தொழிலாளரின் வரிசை வீடு), அட்டைக்கடி, பனி, பசி நான்கும் வந்துவிட்டால் “மலையக மக்களின் துன்ப துயரங்களைப் படம்பிடித்துக் காட்டியுள்ளார்” என்று முடித்துவிடுகிறோம். துயரம் மக்களுடையது. ஆசிரியருடையது அதைச் சொன்ன விதம். இரண்டையும் பிரிக்காத மதிப்புரை, கைத்திறன் உள்ள எழுத்தாளரையும் திறனில்லாதவரையும் ஒரே கூடையில் போட்டு நிறுக்கிறது.

பிரித்துப் பார்க்க எண்ணிப் பார்ப்பதே எளிய வழி. தொகுதியில் பதினொரு கதைகள் இருந்தால் ஒவ்வொன்றும் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று ஒவ்வொரு வரியில் எழுதி அடுக்குங்கள். உருவாகும் பட்டியல் தானாகவே பேசும். உதாரணத்துக்கு, முதலில் ஒரு வழக்கமான வாக்கியம்:

“ஆசிரியர் தோட்டத் தொழிலாளர்களின் அவலங்களை உருக்கமாகச் சித்திரித்துள்ளார்.”

இதே தொகுதியை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினால்:

“பதினொரு கதைகளில் ஏழு, சாவோடு முடிகின்றன. அவற்றில் ஐந்தில் சாவுக்குச் சற்று முன்னால் மழை பிடிக்கிறது. மூன்றாவது கதையில் மட்டுமே மரணம் கதைக்குள்ளிருந்து வருகிறது: சாக்குக்கும் தண்ணிக்கும் என்று நிறுவையில் கழித்து அரைப் பேர் போட்ட நாளில், மிச்சக் கிலோவுக்காக அவள் ஏறக் கூடாத சரிவில் ஏறுகிறாள்.”

இரண்டாவதில் ‘உருக்கம்’ என்ற சொல்லே இல்லை. வாசகருக்கு நூல் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடுகிறது, மூன்றாவது கதையைத் தேடி வாசிக்கவும் தோன்றுகிறது.

அடுத்தது பேச்சுமொழி. “பேரு விழல”, “மலைக்குப் போயிட்டா”, “பெரட்டுக்களத்துல வச்சு ஏசிட்டாரு” என்பவற்றைக் கொச்சை என்றோ எழுத்துப்பிழை என்றோ குறிக்கக் கூடாது. தோட்டத்தில் ‘பெரட்டுக்களம்’ என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்; ‘மலை’ என்றால் கொழுந்தெடுக்கும் இடம். மலையேற்றம் என்று யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ளவர் நினைக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது, சந்தர்ப்பத்திலிருந்தே பொருள் விளங்குமாறு ஆசிரியர் எழுதியிருக்கிறாரா, அல்லது பின்னால் சொல் விளக்கமாவது தந்திருக்கிறாரா என்பதைத்தான். உண்மையான குறை வேறு இடத்தில் வரும்: தொழிலாளி, கணக்கப்பிள்ளை, நகரத்துக் கடைக்காரர் மூவரும் ஒரே மாதிரிப் பேசுவது, கொழுந்தெடுப்பவர் வாயில் திடீரென்று யாழ்ப்பாணத்து “என்ன செய்யிறியள்” என்றோ தமிழ்ச் சினிமா வசனமோ வந்து விழுவது. இரண்டு இடத்தைப் பக்க எண்ணோடு காட்டினால் போதும்.

கவிதைத் தொகுதிக்கு ஒரு சோதனை. ஒரு கவிதையை எடுத்து வரி பிரிக்காமல் உரைநடையாக எழுதிப் பாருங்கள். எதுவும் இழக்கவில்லையென்றால், வரி பிரித்ததற்குக் காரணமில்லை. பிறகு சத்தமாக வாசியுங்கள். தொகுதியில் நல்லதென்று நினைப்பது ஒன்றையும் தோற்றுப்போனது ஒன்றையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் என்று விளக்குங்கள். நாற்பது கவிதையையும் தொட்டுச் செல்லும் மதிப்புரை பொருளடக்கமாகிவிடும்.

அரசியல், வரலாறு

இந்த வகை நூலில் மூன்று அடுக்கு உண்டு: நடந்தது, எண்ணிக்கை, விளக்கம். விளக்கத்தில் ஆசிரியரோடு மாறுபடலாம், மாறுபட்டாலும் நூல் நல்லதாக இருக்கலாம். நடந்ததிலும் எண்ணிக்கையிலும் பிழை இருந்தால் விளக்கமும் ஆட்டம் காணும். எனவே ஒவ்வொரு நூலிலும் குறைந்தது மூன்று திகதியையும் இரண்டு எண்ணிக்கையையும் எடுத்து, சட்ட நூல், புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடிசன மதிப்பீடு போன்ற மூலங்களோடு சரிபாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கண்டி டீ. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இரண்டும் இதற்குப் போய் உட்கார ஏற்ற இடங்கள்.

மலையகம் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில இருப்பதால், அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

“1948இல் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன” என்ற வாக்கியம் இரண்டு சட்டங்களை ஒன்றாக்கிவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. வாக்குரிமை போனது 1949இல் செய்யப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தத்தால். நூலின் வாதம் நாடாளுமன்றத்தில் யார் எதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள் என்பதைத் தொடும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல.

நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்து ஏற்க 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றி எழுதும்போது “5,25,000 பேர் இந்தியா சென்றனர்” என்று போடுவார்கள். அது இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்ட தொகை. உண்மையில் கப்பலேறியவர்கள் அதைவிடக் குறைவு. இலங்கை ஏற்பதாகச் சொன்னது 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 வீதம் பிரித்தார்கள். ஒப்பந்தத் தொகையை நடந்த கணக்காக எடுத்துக்கொண்ட நூலில், அதன்மேல் கட்டிய சதவீதங்களையும் நம்ப முடியாது.

“1867இல் தேயிலை இலங்கைக்கு வந்தது” என்பதும் அப்படித்தான். பேராதனைப் பூங்காவில் அதற்கு முன்பே தேயிலைச் செடி இருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் செய்தது வர்த்தகப் பயிர்ச்செய்கை. 1869 முதல் கோப்பியை இலைநோய் தாக்கியதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு பயிர் போய் மற்றது வந்த காரணம் விளங்கும். அந்த இணைப்பு நூலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிழையைப் போலவே விடுபட்டதும் கவனிக்கத்தக்கது. தொழிற்சங்க வரலாறு என்று வரும் நூலில் பெண்கள் எத்தனை பக்கம் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். கொழுந்தெடுப்பதில் பெரும்பான்மை பெண்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யருக்கு ஓர் அத்தியாயம் கொடுத்துவிட்டு, மேடைக்கு மேடை பாடியும் பேசியும் உழைத்த அவர் மனைவி மீனாட்சி அம்மையை ஒரு வரியில் கடந்துபோகும் நூல் தன் வாதத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சொல்லடைவு, படங்களுக்கான விளக்கம், மூலங்களின் பட்டியல் உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

ஆசிரியரின் அரசியல் உங்களுக்கு ஒவ்வாததாக இருந்தால், முதலில் அவருடைய வாதத்தை அவரே தலையாட்டும்படி மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் மறுப்பு.

மெய்யியல்

மெய்யியல் நூல்களுக்கு இங்கிருந்து மதிப்புரை எழுதுவோர் மிகக் குறைவு. ‘கடினமான நூல், ஆழமான நூல்’ என்று இரண்டு சொல்லில் தப்பித்துவிடுகிறோம். கடினம் கருத்தில் இருக்கிறதா, வாக்கியத்தில் இருக்கிறதா என்று பிரித்தாலே பாதி மதிப்புரை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது: நூலின் மையக் கூற்று எது, அதற்குத் தரும் காரணங்கள் எவை, அவை போதுமா என்று அரைப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசியுங்கள். இரண்டாம் முறையும் முடியவில்லையென்றால், எந்த இடத்தில் நூல் உங்களைக் கைவிட்டது என்பதைப் பக்க எண்ணோடு நேர்மையாக எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலைச்சொற்களைத் தனியாகப் பாருங்கள். ஒரே கருத்துக்கு ஓர் இடத்தில் ‘உணர்வு’, இன்னோரிடத்தில் ‘பிரக்ஞை’, பிறகு ‘நனவு’ என்று மாறி மாறி வந்தால் வாசகர் மூன்று வெவ்வேறு விடயங்கள் என்று நினைப்பார். சென்னையில் அச்சான நூலில் ‘தத்துவம்’ என்று இருப்பதை நம் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் ‘மெய்யியல்’ என்றே படிக்கிறோம். இது குறையல்ல, ஆனால் மாணவர் பயன்படுத்தும் நூலென்றால் சொல்லிவைப்பது உதவி.

கலை, கூத்து

ஓவியம், நாடகம், திரைப்படம் பற்றிய நூலில் முதலில் படங்களைப் பாருங்கள். ஓவியத்தின் அளவு, ஊடகம், வரைந்த ஆண்டு போட்டிருக்கிறதா? கறுப்பு வெள்ளையில் அச்சடித்துவிட்டு நிறத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தால் அந்த நான்கு பக்கமும் வீண்.

நமக்கு அருகிலுள்ளது காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் பற்றிய நூல்கள். இவற்றில் பாடல் வரிகளை மட்டும் அச்சிட்டு நூலாக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. வரி கூத்தின் கால்வாசி. தப்பு (பறை) எந்த அடியில் மாறுகிறது, ஆட்டம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, மாசியில் காமன் நட்டதிலிருந்து தகனம் வரை எந்த இரவில் எது நடக்கிறது என்பது இல்லாவிட்டால், ஆடத் தெரியாதவர் அந்த நூலை வைத்து எதுவும் செய்ய முடியாது. பாடல் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், யார் பாடக் கேட்டுப் பதியப்பட்டது என்று இருக்கிறதா பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பாடம் மாறும். இடம் குறிக்காத பாடம் அனாதை. பாடிக் கொடுத்த வாத்தியாரின் பெயரே இல்லாமல் அட்டையில் தொகுத்தவர் பெயர் மட்டும் பெரிதாக இருந்தால், அதைச் சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு

மலையகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதையே சக்தி பாலையாவின் தமிழ் வழியாகத்தான் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. மொழிபெயர்த்தவர் பெயரை விபரத்தில் மட்டுமல்ல, மதிப்புரைக்குள்ளும் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும்.

முழு நூலையும் மூலத்தோடு ஒப்பிட நேரமிருக்காது. மூன்று இடம் போதும்: முதல் பக்கம், ஒரு நீண்ட உரையாடல், ஒரு கடினமான வருணனை. தோட்டச் சொற்களில் மொழிபெயர்ப்பாளர் வழுக்குவதை அடிக்கடி காணலாம். ‘மஸ்டர்’ என்பதை ‘அணிவகுப்பு’ என்று போட்டால் இராணுவ முகாம் நினைவுக்கு வருகிறது. சனங்கள் சொல்வது பெரட்டு. ‘லைன் ரூம்’, ‘வரிசை அறை’ ஆகிவிடுகிறது; அது லயத்துக் காம்பரா. எல்லாவற்றிலும் மோசம், ‘சூப்பரின்டென்டன்ட்’ என்பதைக் ‘கண்காணிப்பாளர்’ என்று எழுதுவது. தோட்டத்து வாசகர் கங்காணி என்று எடுத்துக்கொள்வார். பெரிய துரை பேசிய பேச்சு முழுவதும் கங்காணி வாயில் போய்ச் சேரும், கதையின் அதிகாரமே தலைகீழாகிவிடும்.

மூலமொழி தெரியாதென்றால் மொழிபெயர்ப்பு ‘மூலத்துக்கு நெருக்கமானது’ என்று எழுத வேண்டாம். தமிழாக வாசிக்க எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எழுதும்போது

ஞாயிறு பத்திரிகைக்கு 600 முதல் 800 சொற்கள். சஞ்சிகைக்கு 1,500 வரை போகலாம். 800 சொல்லில் எழுதுகிறீர்கள் என்றால் ஏறத்தாழ 80 சொல் தொடக்கம், 150 சொல் நூலில் என்ன இருக்கிறது என்ற அறிமுகம், 400 சொல் ஆதாரத்தோடு மதிப்பீடு, 120 சொல் குறைகள், மிச்சம் யாருக்கு உதவும் என்பது. நானூறு சொல் பகுதியில் நீங்கள் எடுத்த 20 குறிப்பில் நான்கைந்துதான் இடம்பெறும். மற்றவற்றை விடத் தயங்கினால் மதிப்புரை புளிச்சோறு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கத்தில் ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ வேண்டாம். ஆசிரியர் பிறந்த ஊரும் படித்த பாடசாலையும் வேண்டாம்; அது பின்னட்டையில் இருக்கிறது. நூலுக்குள்ளிருந்து ஒரு காட்சியோ ஒரு கூற்றோ எடுத்து அதிலிருந்து புறப்படுங்கள்.

கதைச் சுருக்கத்தில் நாவலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். மேற்கோள் இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றும் நான்கைந்து வரிக்குள். எழுத்தெண்ணி அப்படியே எடுத்து, பக்க எண் போட வேண்டும். விமர்சனத்துக்காக அளவோடு எடுத்தாள்வதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. ஒரு குறுங்கவிதையை முழுவதுமாகப் போடுவது வேறு. அதற்கு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

குறையை எழுத ஒரு கட்டு இருக்கிறது: இடம், என்ன, ஏன் அது பாதிக்கிறது. “எழுத்துப்பிழைகள் மலிந்துள்ளன” என்பது யாருக்கும் உதவாது. நூலில் ஏதாவது பத்துப் பக்கத்தை எடுத்து எண்ணுங்கள். “எழுந்தமானமாக எடுத்த பத்துப் பக்கத்தில் 14 பிழைகள், ‘கொழுந்து’ மூன்று இடத்தில் ‘கொளுந்து’ ஆகியிருக்கிறது” என்றால் பதிப்பாளர் அடுத்த பதிப்பில் திருத்துவார். ஒன்றிரண்டு பிழை எல்லா நூலிலும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். முதல் நூல் எழுதும் இளம் ஆசிரியரிடம் தொனி மென்மையாக இருக்கலாம், அளவுகோல் மாறக் கூடாது. ஐந்தாறு நூல் எழுதி விருதும் வாங்கியவரிடம் மென்மையும் தேவையில்லை. எந்த நிலையிலும் ஆளைப் பற்றி எழுத வேண்டாம்: “ஆசிரியருக்கு வரலாறு தெரியாது” என்பதற்குப் பதிலாக “54ஆம் பக்கத்தில் 1949இன் சட்டம் 1948இல் வைக்கப்பட்டிருக்கிறது”.

எழுதி முடித்ததும் ‘உருக்கமான’, ‘யதார்த்தமான’, ‘மண் வாசனை’, ‘காத்திரமான’, ‘வரவேற்கத்தக்க முயற்சி’ ஆகிய சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் வாக்கியம் நின்றால் நல்லது. விழுந்துவிட்டால் அங்கே சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஒரு நாள் விட்டு, சத்தமாக வாசித்து, பக்க எண்களை நூலோடு மறுபடி ஒத்துப் பாருங்கள். பக்க எண் பிழைத்தால் மற்ற எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும்.

அனுப்பியதும் அதற்குப் பிறகும்

ஒரே மதிப்புரையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம். இரண்டிலும் வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டும் கதவடைக்கும். யுனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் பக்க வடிவமைப்பாளர் மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறும். அட்டைப்படத்தை நேரே மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்து இணையுங்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒரு தடவை விசாரிக்கலாம். இங்கே பல நூல்கள் 300, 500 பிரதிகளோடு நின்றுவிடுகின்றன. மதிப்புரை ஆறு மாதம் கழித்து வந்தால் கடையில் நூல் இருக்காது.

அச்சான பக்கத்தைப் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் எழுதி வெட்டி வையுங்கள். பிரதி ஒன்றை ஆசிரியருக்கும் அனுப்புங்கள், குறை எழுதியிருந்தாலும்தான்; வேறொருவர் காட்டி அவருக்குத் தெரிவதைவிட அது மரியாதை. அவர் கோபத்தோடு அழைத்தால் தொலைபேசியில் வாதாட வேண்டாம். “அண்ணே, எந்தப் பக்கத்துல நான் பிழையா சொல்லியிருக்கேன்னு சொல்லுங்க, பார்க்கிறேன்” என்று கேட்டு, அவர் சொல்வதை அந்தக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது சரியென்றால் அடுத்த இதழுக்கு இரண்டு வரித் திருத்தம் போக வேண்டும், உங்கள் பெயரில். கொப்பியை ஒரு வருடமாவது வீசாமல் வைத்திருங்கள். ‘88ஆம் பக்கத்தில் கிலோ எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்ற கேள்வி பெரும்பாலும் நூல் இரவல் போன பிறகுதான் வரும்.